மலாவியும் ஒயிட்னர் தேர்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கணக்காளர். 2018 கடைசியிலிருந்து மூன்று வருஷம் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், பிளாண்டைர் நகரத்தில் வேலை பார்த்தேன். அந்த மூன்று வருஷத்துக்குள் அங்கே ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடந்து, அது செல்லாது என்று கோர்ட்டு ரத்து செய்து, மறுதேர்தலில் ஆட்சியே மாறியது. ஊருக்கு வந்த பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"மலாவியா, மாலியா? எங்கப்பா இருக்கு அது?"

மலாவி. மாலி மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மலாவி தென்கிழக்கே, மொசாம்பிக், சாம்பியா, தான்சானியா மூன்றுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கும் சின்ன நாடு. கடல் இல்லை, கடல் போல ஒரு ஏரி உண்டு. 1964 ஜூலை 6-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. மக்கள்தொகை சுமார் 2 கோடி. பெரும்பாலானவர்கள் மக்காச்சோளம் போட்டுச் சாப்பிடும் சிறு விவசாயிகள். ஏற்றுமதியில் பெரும்பங்கு புகையிலை. உலக வங்கிக் கணக்குப்படி பத்துப் பேரில் ஏழு பேர் கடும் வறுமையில் இருக்கிறார்கள்.

"ஒயிட்னர் தேர்தல்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் நடந்தது?"

2019 மே 21-ல் தேர்தல். ஏற்கெனவே ஜனாதிபதியாக இருந்த பீட்டர் முத்தாரிக்கா 38.57 சதவீதம் வாங்கி ஜெயித்ததாக அறிவித்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேராவுக்கு 35.41, துணை ஜனாதிபதியாக இருந்துகொண்டே எதிர்த்து நின்ற சவுலோஸ் சிலிமாவுக்கு 20.24. முதல் இருவருக்கும் இடையே சுமார் 1,59,000 ஓட்டு வித்தியாசம்.

மலாவியில் ஓட்டு இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டுதான். ஓட்டுப்பதிவு முடிந்ததும் அதே வாக்குச்சாவடியில், பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், கட்சிகளின் பூத் ஏஜென்டுகள் முன்னால் எண்ணுவார்கள். எண்ணிக்கையை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஏஜென்டுகளுக்கும் நகல் கொடுப்பார்கள். அந்தப் படிவங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது பலவற்றில் எண்களின் மேல் ஒயிட்னர் பூசி வேறு எண் எழுதப்பட்டிருந்தது. அங்கே அதை டிப்-எக்ஸ் என்பார்கள். சில வாரத்தில் டிப்-எக்ஸ் என்றாலே நாட்டில் எல்லோருக்கும் தேர்தல்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் தொழிலில் சேரும் பையனுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இது: கணக்குப் புத்தகத்தில் ஒயிட்னர் போடாதே. தப்பாகிவிட்டதா, ஒரு கோடு போட்டு அடி, பக்கத்தில் சரியான எண்ணை எழுது, கையெழுத்துப் போடு. பழைய எண் கண்ணுக்குத் தெரியவேண்டும். அதனால் அந்தப் படிவங்களின் படம் போனில் வந்தபோது என் அலுவலகத்தில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தோத்தவங்க எல்லாருமே மோசடின்னுதான் சொல்லுவாங்க. கோர்ட்டு எப்படி நம்புச்சு?"

சரியான கேள்வி. சக்வேராவும் சிலிமாவும் வழக்குப் போட்டார்கள். ஐந்து நீதிபதிகள் 2019 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை விசாரித்தார்கள். விசாரணை ரேடியோவில் நேரலையாக ஓடியது. மினிபஸ்ஸில், காய்கறிக் கடையில், முடிவெட்டும் கடையில் எல்லாம் குறுக்கு விசாரணை கேட்டுக்கொண்டிருக்கும்.

2020 பிப்ரவரி 3-ல் தீர்ப்பு, சுமார் 500 பக்கம். வாசித்து முடிக்கவே பத்து மணி நேரம் போல ஆனது. ஒயிட்னர் பூசிய படிவங்கள், அசலுக்குப் பதில் நகல் படிவங்கள், கையெழுத்தில்லாத படிவங்கள், இவற்றைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொண்ட தேர்தல் ஆணையம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். எத்தனை ஓட்டு திருடுபோனது என்று எண்ணிக் காட்டினால்தான் ஆச்சு என்று அவர்கள் நிற்கவில்லை. தேர்தல் நடந்த முறையே நம்பத்தக்கதாக இல்லை என்றால் அதன் முடிவும் நிற்காது என்றார்கள். தணிக்கையில் நாங்களும் அப்படித்தான்: ஆதாரச் சீட்டுகளே கெட்டுப்போயிருந்தால், கடைசியில் வரும் கூட்டுத்தொகை சரியா தப்பா என்று பேச இடமில்லை.

150 நாளுக்குள் மறுதேர்தல் என்று உத்தரவு. ஆப்பிரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலைக் கோர்ட்டு ரத்து செய்தது 2017-ல் கென்யாவுக்கு அடுத்து இங்கேதான். 2020 ஜூன் 23-ல் மறுதேர்தல் நடந்தது. சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். கென்யாவில் மறுதேர்தலிலும் பழையவரே வந்தார். மலாவியில்தான் முதல்முறையாக ரத்துக்குப் பிறகு எதிர்க்கட்சி ஜெயித்தது.

"வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இருந்தாங்கல்ல? அவங்க கண்ணுக்குப் படலையா?"

ஓட்டுப்பதிவு பெரும்பாலும் நன்றாக நடந்தது என்றுதான் அவர்களுடைய ஆரம்ப அறிக்கைகள் சொல்லின. அது பொய்யுமில்லை. வரிசை ஒழுங்காக நின்றது, ஓட்டும் அமைதியாக விழுந்தது. கெட்டது அதற்குப் பிறகு, படிவம் பயணப்பட்ட வழியில். அந்த நேரத்தில் பாதிப் பேர் விமானம் ஏறத் தயாராகியிருப்பார்கள். படிவத்தின் நகலை மடித்துப் பையில் வைத்திருந்த ஊர் ஏஜென்டுக்குத்தான் அது தெரியும். 2020 மறுதேர்தல் கொரோனா காலத்தில், பெரிய பார்வையாளர் குழுக்கள் இல்லாமலே நடந்தது, 2019-ஐ விட நன்றாகவே நடந்தது.

"அந்த நீதிபதிகளை மிரட்டவோ விலைக்கு வாங்கவோ யாரும் பார்க்கலையா?"

பார்த்தார்கள். தீர்ப்புக்கு முன்னால் நீதிபதிகளுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக ஒரு பெரிய வங்கியாளர் கைதானார். 2021-ல் அவருக்கு 9 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. புகார் கொடுத்ததே நீதித்துறைதான். தீர்ப்பு நாளன்று ஐந்து பேரும் குண்டு துளைக்காத உடுப்போடு, ராணுவப் பாதுகாப்பில் தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் கோர்ட்டுக்கு வந்தார்கள். அன்று பிளாண்டைரில் எங்கள் தெருவில் பாதிக் கடை திறக்கவில்லை. வீட்டுக்கு வீடு ஒரே குரல், ரேடியோவில் நீதிபதியின் குரல். சாயங்காலம் தீர்ப்பின் போக்கு புரிந்ததும் தெருவில் எழுந்த சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மே 8-ல் உச்ச நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதி செய்தது. மறுதேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைமை நீதிபதியை ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் போகச் சொன்னது அரசு. வழக்கறிஞர்கள் அங்கியோடு ஊர்வலம் போனார்கள், கோர்ட்டு அந்த உத்தரவைத் தடுத்தது, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"ராணுவம் ஆட்சியைப் பிடிக்காம எப்படி விட்டது?"

மலாவி ராணுவத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. 2019 நடுவிலிருந்து மாதக்கணக்கில் ஊர்வலங்கள் நடந்தன. மனித உரிமைக் காப்பாளர்கள் கூட்டணி என்ற அமைப்புதான் நடத்தியது. தேர்தல் ஆணையத் தலைவர் ஜேன் அன்சா பதவி விலகவேண்டும் என்பது கோரிக்கை. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, ராணுவ வீரர்கள் ஊர்வலத்துக்குப் பாதுகாப்பாகக் கூடவே நடந்தார்கள். 2020 மார்ச்சில் ராணுவத் தளபதியை முத்தாரிக்கா மாற்றினார். ஆட்சி மாறியதும் சக்வேரா அவரையே திரும்பக் கொண்டுவந்தார்.

போராட்டம் முழுக்க அகிம்சையாக நடந்தது என்று சொல்லமாட்டேன். 2019 அக்டோபரில் லிலோங்வேக்கு அருகே முசுண்ட்வேயில் கூட்டம் ஒரு போலீஸ்காரரைக் கொன்றது. அதற்குப் பழிவாங்க வந்த போலீசார் அந்தப் பகுதிப் பெண்கள் மேல் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண் வழக்கறிஞர்கள் சங்கம் அந்தப் பெண்களுக்காக வழக்கை எடுத்து நடத்தியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒயிட்னர் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கணக்கில்தான் வருகிறது.

"ஏழை நாட்டு ஜனங்களுக்கு திடீர்னு இவ்வளவு தைரியம் எங்கேருந்து வந்தது?"

திடீரென்று வரவில்லை. விடுதலைக்குப் பிறகு ஹேஸ்டிங்ஸ் பண்டா முப்பது வருஷம் ஒற்றைக் கட்சி ஆட்சி நடத்தினார். 1971-ல் ஆயுட்கால ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டார். அவரை விமர்சித்தால் சிறை, அல்லது அதைவிட மோசம். 1992 மார்ச் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தோலிக்க ஆயர்கள் ஏழு பேர் கையெழுத்திட்ட கடிதம் நாடெங்கும் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. ஏழை பணக்காரன் இடைவெளி, மருந்தில்லாத ஆஸ்பத்திரி, வாயைத் திறக்க முடியாத பயம் எல்லாம் அதில் இருந்தது. ஆயர்களைக் கூப்பிட்டுப் போலீஸ் விசாரித்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பதே குற்றம் ஆனது. அடுத்த வருஷம், 1993 ஜூன் 14-ல், பலகட்சி ஆட்சி வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. வேண்டும் என்று மக்கள் சொன்னார்கள். 1994 தேர்தலில் பண்டா தோற்றார்.

அப்புறம் வந்த பக்கிலி முலூசி இரண்டு முறை ஆண்டார். அதற்கு மேல் நிற்க வழிசெய்யும் அரசியல் சாசனத் திருத்தம் 2002-ல் மூன்று ஓட்டில் தோற்றது. வெறும் மூன்று எம்.பி.க்கள்! பிறகு பிங்கு வா முத்தாரிக்கா, அதாவது பீட்டரின் அண்ணன். 2011 ஜூலை 20-ல் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் விலைவாசிக்கும் எதிராகக் கிளம்பிய கூட்டத்தின் மேல் துப்பாக்கிச்சூடு நடந்து சுமார் 20 பேர் இறந்தார்கள். 2019-ல் தெருவில் இறங்கியவர்களில் பலர் இவற்றையெல்லாம் நேரில் கண்டவர்கள்.

"கேஷ்கேட்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?"

அரசாங்கப் பணத்தில் நடந்த ஒரு பெரிய திருட்டுக்கு அங்கே வைத்த பெயர். இதில் எனக்குத் தொழில் ரீதியான கோபம் உண்டு, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அரசாங்கத்தின் எல்லாப் பணப் பட்டுவாடாவும் ஒரு கணினி அமைப்பு வழியே போகும். திருட்டு இப்படி நடந்தது: பொருளே தராத ஒரு கம்பெனியின் பெயரில் பில் ஏறும். காசோலை அச்சாகும், வங்கியில் பணமாகும். அதன் பிறகு அமைப்புக்குள் போய் அந்தப் பதிவையே அழித்துவிடுவார்கள். பணம் போயிருக்கும், ஆனால் போன சுவடு இருக்காது. ஒயிட்னர் பூசியதன் கணினி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2013 செப்டம்பரில் ஒரு கீழ்நிலை ஊழியரின் காரில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டது. அடுத்த சில நாளில், 13-ம் தேதி இரவு, நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இயக்குநர் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். அதன் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அந்த வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறே மாதத்தில் 1,300 கோடி குவாச்சாவுக்கு (குவாச்சா மலாவி நாணயம்) மேல், அதாவது சுமார் 3 கோடி டாலர், போயிருந்ததாகத் தணிக்கை காட்டியது. அப்போது ஜாய்ஸ் பண்டா ஜனாதிபதி. அமைச்சரவையைக் கலைத்தார். பல அதிகாரிகளும் வியாபாரிகளும் சிறைக்குப் போனார்கள். முன்னாள் சட்ட அமைச்சர் ஒருவருக்கு அந்தத் துப்பாக்கிச்சூட்டுச் சதியில் 2016-ல் 13 ஆண்டு தண்டனை விழுந்தது. ஜாய்ஸ் பண்டாவை மக்கள் 2014-ல் மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள்.

"இப்படித் திருடுற அரசாங்கத்துக்கு வெளிநாடுகள் உதவியை நிறுத்தினா வழிக்கு வந்துடாதா?"

கேஷ்கேட்டுக்குப் பிறகு நிறுத்தினார்கள். பட்ஜெட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த நாடு அது. அமைச்சருக்கு வலித்ததா தெரியாது, அரசு ஆஸ்பத்திரிக்கு வலித்தது. மருந்து அலமாரி காலியானது. அதற்குப் பிறகு பணம் பெரும்பாலும் அரசைச் சுற்றிக்கொண்டு தொண்டு நிறுவனங்கள் வழியாக வர ஆரம்பித்தது. திருட்டு குறைந்திருக்கலாம். ஆனால் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்றால் எம்.பி.யைக் கேட்பதா, வேறு நாட்டில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தைக் கேட்பதா என்ற குழப்பம் வந்தது. அரசியல்வாதிக்குச் சௌகரியமான குழப்பம் அது. அதனால் பணத்தை நிறுத்துவதை மட்டும் நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

"ஊழல் தடுப்புத் துறைன்னு ஒண்ணு இல்லையா அங்கே?"

இருக்கிறது. 1995-ல் வந்த சட்டத்தின் கீழ் ஊழல் தடுப்புப் பணியகம். 2021-ல் மார்த்தா சிசுமா அதன் தலைவரானபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிரிட்டனில் இருந்த ஒரு வியாபாரி அரசு ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் கொடுத்ததாக வந்த வழக்கில் துணை ஜனாதிபதி சிலிமாவையே 2022 நவம்பரில் கைது செய்தார். ஆமாம், ஒயிட்னர் வழக்குப் போட்ட அதே சிலிமாதான், மறுதேர்தலில் சக்வேராவோடு சேர்ந்து நின்று மறுபடி துணை ஜனாதிபதி ஆகியிருந்தார். இரண்டே வாரத்தில், டிசம்பர் 6-ம் தேதி விடியற்காலையில், கசிந்த ஒரு தொலைபேசிப் பேச்சுக்காகச் சிசுமாவையே போலீஸ் பிடித்துப் போனது. மக்கள் கொதித்ததும் அன்றே விட்டார்கள்.

2024 மே மாதம் சிலிமா மேலிருந்த வழக்கை அரசுத் தரப்பு கைவிட்டது. சிசுமாவின் பதவிக்காலமும் அதே மாதத்தோடு முடிந்தது. ஜூன் 10-ல் சிக்கங்காவா காட்டில் ராணுவ விமானம் விழுந்து சிலிமாவும் கூடப் போனவர்களும் இறந்தார்கள். அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று இனி எந்தக் கோர்ட்டும் சொல்லப் போவதில்லை. வழக்கை நடத்தும் கையும் நிறுத்தும் கையும் வேறு வேறாக இருப்பதுதான் இங்கே பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

"எம்.பி. சரியில்லைன்னா ஜனங்க திரும்பக் கூப்பிட முடியாதா?"

முடிந்திருக்கும். புது அரசியல் சாசனத்தில் 64-வது பிரிவு அதற்காகவே இருந்தது. எம்.பி.க்களே கூடி 1995-ல் அதை நீக்கிவிட்டார்கள். கட்சி தாவினால் பதவி போகும் என்ற 65-வது பிரிவு மட்டும் இருக்கிறது. அதாவது கட்சிக்குத் துரோகம் செய்தால் தண்டனை உண்டு. தொகுதிக்குச் செய்தால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

"காசும் துணியும் வாங்கிக்கிட்டு ஓட்டுப் போடுறவங்கதானே? அவங்க எப்படிக் கேள்வி கேப்பாங்க?"

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்சி நிறத்தில், தலைவர் முகம் அச்சடித்த சிட்டென்ஜே துணி அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வது. தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சியும் கொடுக்கும். 2018-ல் வந்த அரசியல் கட்சிகள் சட்டம் அன்பளிப்பைத் தடை செய்கிறது, நடைமுறையில் நிற்கவில்லை. எங்கள் அலுவலகத்தைப் பெருக்கிய அம்மாவிடம் மூன்று கட்சித் துணியும் இருந்தது. ஒன்றில் பேரனைக் கட்டித் தூக்குவார். 2019 ஊர்வலத்துக்கு அவரும் நடந்து போனார், எந்தத் துணியும் கட்டாமல். வாங்கியவர்கள் வாய் மூடிக் கிடப்பார்கள் என்றால் 2014-லும் 2020-லும் ஆளுங்கட்சி தோற்றிருக்கவே முடியாது.

"சரி, இவ்வளவு போராடிக் கொண்டுவந்தாங்களே, சக்வேரா என்ன செஞ்சார்?"

தகவல் அறியும் சட்டம் 2016-லேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் கிடப்பில் கிடந்தது. அவர் வந்து மூன்று மாதத்தில், 2020 செப்டம்பர் 30-லிருந்து, அமலுக்கு வந்தது. கொரோனா நிதியிலிருந்து வெளிநாட்டுப் பயணப்படிக்கு எடுத்ததற்காக 2021-ல் ஒரு அமைச்சரை நீக்கினார். தொகை ஆயிரம் டாலருக்கும் குறைவு. மானிய உரம் வாங்க இங்கிலாந்தில் ஒரு இறைச்சி வியாபார நிறுவனத்துக்கு 75 கோடி குவாச்சா முன்பணம் போனது தெரிந்ததும், 2022-ல் வேளாண் அமைச்சரை நீக்கினார். நீக்கியது சரி. ஆனால் இறைச்சிக் கடைக்கு உரப் பணம் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று மக்கள் கேட்டார்கள், கேட்டதும் நியாயம். போராட்டத்தின் முன்னணித் தலைவர் திமோதி ம்தாம்போவை அமைச்சராக்கியதும் தப்பு என்பது என் எண்ணம். தெருவில் கேள்வி கேட்க வேண்டியவர் மேடையில் பதில் சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

அதோடு 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல், அறுநூறுக்கும் மேற்பட்ட சாவு. காலரா. 2024-ல் வறட்சி. குவாச்சாவின் மதிப்பை 2022-ல் 25 சதவீதமும் 2023 நவம்பரில் 44 சதவீதமும் குறைத்தார்கள். மாதச் சம்பளக்காரனான என் பழைய நண்பர், பெட்ரோல் பங்கில் இரவு முழுக்கக் காரிலேயே தூங்கி வரிசையைக் காப்பாற்றுவதாகப் போனில் சொல்வார்.

"அதே முத்தாரிக்காவையே 2025-ல திரும்பக் கொண்டுவந்துட்டாங்களாமே! அப்போ எல்லாம் வீண்தானே?"

2025 செப்டம்பர் 16-ல் தேர்தல். 85 வயது முத்தாரிக்கா சுமார் 57 சதவீதம், சக்வேரா 33. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள்: முத்தாரிக்காவோடு துணை ஜனாதிபதியானவர் ஜேன் அன்சா. 2019-ல் எவரைப் பதவி விலகச் சொல்லி ஊர்வலம் போனார்களோ அவரேதான். எனக்கும் அது வலித்தது. என் நண்பரிடம் கேட்டேன். "முதல் தடவை ஒயிட்னரை வைத்து உள்ளே வந்தார், வெளியே அனுப்பினோம். இந்தத் தடவை ஓட்டை வாங்கி வந்திருக்கிறார்" என்றார். அவர் ஓட்டுப் போட்டது யாருக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2019-ல் 38 சதவீதம் வாங்கி ஜனாதிபதி ஆக முடிந்தது. பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்று அந்தத் தீர்ப்பு வரையறுத்தது, இப்போது அதுதான் விதி. முடிவு அறிவிக்க ஆணையத்துக்கு எட்டு நாள் அவகாசம் உண்டு, படிவங்களைச் சரிபார்த்து எட்டாம் நாள்தான் அறிவித்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு பதவியிலிருக்கும் ஜனாதிபதி அப்படிச் செய்வது அந்தப் பக்கத்தில் தினமும் நடக்கிற காரியம் இல்லை.

"தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒருதடவைதானே? நடுவுல ஒரு சாதாரண ஆள் அங்கே என்ன செய்ய முடியும்?"

மேலே சொன்ன தகவல் சட்டம் இருக்கிறது. எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதியில் என்ன கட்டினார்கள், யாருக்குக் காசு போனது என்று எழுதிக் கேட்கலாம். பதில் சுலபத்தில் வராது. என் நண்பர் தன் சொந்த ஊரில் பாதியில் நிற்கும் ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பற்றி எழுதிக் கேட்டார். மூன்று முறை போய்வந்த பிறகு இரண்டு பக்கம் கொடுத்தார்கள். சுவர் எழுப்பியதாக ஒரு தொகை, கூரைக்கு ஒரு தொகை. சுவர் இருக்கிறது. கூரை இல்லை. அந்த இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து ஊர்த்தலைவரிடம் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, ஒரு ரேடியோ நிருபரிடம் ஒன்று கொடுத்திருக்கிறார். கூரைக்கான ரசீதைக் கேட்டு மறுபடி எழுதிப் போட்டு ஆறு வாரம் ஆகிறது.